தலைப்பால் திரியும் நேரம்

…ரீனா சித்தி வைப்பாகளே, அந்தப் பாங்காக் குழம்பு, அது போதும்மா, வேற எதுவும் வேண்டாம் என்று மகன் சொன்னபோது சிரித்தோமா இல்லையா, சிரித்ததாகத்தான் மெட்டில்டாவுக்கு நினைவு, அதுக்கென்ன ராசா, வச்சாப் போச்சு என்றும் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அந்தச் சொல் வாயைவிட்டுப் போகும்போதே நெஞ்சுக்குழியில் ஏதோ ஒன்று நண்டைப்போலக் கால்பரப்பி உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழவில்லை. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் ரெக்ஸன் புறப்படுகிறான், கொச்சியில் கப்பல் ஏறுகிறான், கப்பல் அடுக்களையில் உதவிச் சமையற்காரன் வேலை. பிறந்தது முதல் இந்தக் குசினியில் இந்தக் கையால் உண்டவன் போகுமுன் உண்ண ஆசைப்பட்டது எதை? பெற்றவள் வைக்கும் நண்டுக் குழம்பையா? இல்லை. இறந்துபோன கொழுந்தனின் மனைவி வைக்கும் குழம்பை. அப்படியானால் அவளையே அழைத்துவிடலாமே, அடுத்த தெருதானே, ஒரு குரல் கொடுத்தால் சட்டியும் கரண்டியுமாக வந்து நிற்பாளே… வர வேண்டாம். இந்த வீட்டு அடுப்பில் இன்று இந்தக் கைதான். அவளைவிட நன்றாக வைத்து, முதல் வாயிலேயே அவன் நிமிர்ந்து பார்த்து… பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாய், மெட்டில்டா? சித்தியைவிட நீங்கதாம்மா என்றா? பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குச் செய்யுள் விளக்கும் ஆசிரியைக்கு, நாள் தவறாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்கும் நாவுக்கு, ஒரு கிண்ணம் குழம்பில் இத்தனை சிறிய ஆசையா?

ஆசை சிறியதுதான், அதற்கான அலைச்சல் சிறியதாக இல்லை. எலுமிச்சைப்புல் வேண்டும், அது ரீனாவின் மொட்டைமாடித் தொட்டியில் கொத்துக்கொத்தாக நிற்கிறது, அங்கே போய்க் கேட்பதைவிட வெயிலில் நடக்கலாம் என்று நல்லக்கண்ணு அண்ணாச்சி கடைக்குப் போனாள். டீச்சர், இது கொசு வராமக் கட்டித் தொங்கவிடுத புல்லுல்லா, இதப் போயி கொழம்புலயா போடுதிய, ஒங்க வீட்டுச் சார்வாள் மேல என்ன கோவம் என்று அவர் கடை அதிரச் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். கொழுந்தன் கஸ்பார் முதன்முதலாக இந்தக் குழம்பை இந்த வீட்டில் வைத்த நாளிலும் எல்லோரும் அப்படித்தான் சிரித்தார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் சமையற்காரனாக இருந்தவன், தாய்லாந்துத் துறைமுகத்தில் ஒரு படகுக்காரியிடம் கற்றுக்கொண்டு வந்தது. அந்த ஊர்ச் சரக்கு இங்கே ஏது, இருப்பதை வைத்து இட்டுநிரப்பினான், அவர்களுடைய கிழங்குக்கு நாட்டுமருந்துக் கடைப் பேரரத்தை, அவர்களுடைய இலைக்கு நாரத்தங்கொழுந்து, இறால் விழுதுக்குச் சென்னாக்குனி என்ற பொடி இறாலை வறுத்து இடித்த தூள், இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி, இறக்கும்போது ஒரு பிடி திருநீற்றுப்பச்சிலை. முதலில் சிரித்தவர்கள் பிறகு சட்டியை வழித்தார்கள். கிறிஸ்து பிறப்புக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. கஸ்பார் கைப்பக்குவம் ரீனாவின் கைக்குப் போனது, ரெக்ஸன் சின்னப் பிள்ளையிலேயே அந்த அடுப்பருகே போய் நின்றுகொண்டான், பள்ளி விட்டதும் அங்கே, விடுமுறையென்றால் அங்கே, பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளை இருக்கட்டுமே என்று அன்று பெருந்தன்மையாக நினைத்தாளே, அந்தப் பெருந்தன்மைக்குத்தான் இன்று வட்டி கட்டுகிறாளோ.

பேரரத்தை அம்மியில் நசுங்க மறுத்தது, நார் விரலைக் குத்தியது, பச்சைமிளகாயின் காரம் நகக்கண்ணில் ஏறியது. ரீனாவிடம் பொறாமை கொள்ள என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. அவளுக்குக் கணவன் இல்லை. நாடு நாடாகச் சுற்றியது போதும், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணியில் சேர்ந்த கஸ்பார், புயலில் தோணியோடு போனான், உடல் கரைக்கு வரவில்லை, வெற்றுக் கல்லறைக்குத்தான் இன்றும் மெழுகுதிரி. கண்ணீருக்குரியவள், இரக்கத்துக்குரியவள், ஆனால்… அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாடகர் குழுவில் போய் நின்றாளே, காற்றும் கடலும் கீழ்ப்படிந்த கதையைத்தான் அன்று பாட்டாகப் பாடினார்கள், ஊரே விம்மியது, அவள் குரல் மட்டும் ஆடவில்லை. அதைத்தான் மெட்டில்டாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எதையும் இழக்காத இவள் கடற்கரைச் சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் பள்ளிக்குப் போகிறாள், இரவில் காற்று ஓலையை அசைத்தால் எழுந்து உட்கார்ந்து செபமாலையைத் தேடுகிறாள், கணவர் அமலன் துறைமுகத்து இழுவைப் படகில் அலைதடுப்புச் சுவரைத் தாண்டாமல் வேலை பார்ப்பவர், அவருக்கும் சேர்த்துப் பயப்படுகிறாள். எல்லாவற்றையும் இழந்தவளுக்கோ பயமில்லை. விசுவாசம் என்பது உருட்டி உருட்டிச் செபமாலை சொன்னவளுக்கு வராமல், பக்கத்து வீட்டுக்காரி கழுத்தில் புதுச்சங்கிலி மின்னுவதுபோல அவளிடம் மின்னினால், பார்க்கிறவளுக்குக் கண் உறுத்தாதா? பிறர் பொருளை விரும்பாதே என்று கட்டளை இருக்கிறது. பிறர் விசுவாசத்தை? நெய்தல் நிலத்துக்கு உரியது இரங்கல் என்று பழைய இலக்கணம் வகுத்து வைத்திருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், அந்த இலக்கணத்துக்கு அடங்காத ஒருத்தி அடுத்த தெருவில் இருக்கிறாளே என்றுதானே உள்ளே எரிந்தது…

இப்போது ரெக்ஸனும் அவள் பக்கம். வேலை கிடைத்த அன்று, சித்தப்பாவையே கடல் கொண்டு போச்சே, நீயும் போகணுமால என்று இவள் அழுதபோது, சித்தியே போயிட்டு வாலன்னு சொல்லுதாக, நீங்க ஏம்மா பயப்படுதிய என்றான். சித்தியே! அந்த ஏகாரம் ஒரு முள். அவளுக்கென்ன, அனுப்பி வைக்க மகனா இருக்கிறான் என்று நினைத்து, நினைத்த கணமே சுட்டுக்கொண்டவள்போல நாக்கைக் கடித்துக்கொண்டாள், நினைப்பை மட்டும் கடித்து நிறுத்த முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் கடலுக்குப் போகிறவன் நெற்றியில் வீட்டுப் பெண் கட்டைவிரலால் சிலுவை வரைவாள், முந்தின நாள் சாப்பாடு முடிந்ததும், அதை வாங்காமல் எவனும் வாசல் தாண்டியதில்லை. மெட்டில்டா இந்த ஒரு வாரமாக அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சிலுவை போட்டால் போக விட்டதாக ஆகிவிடும். ஒருமுறை அவன் அருகில் வந்து தலைகுனிந்து நின்றான், இவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள், அவன் போய்விட்டான். எங்கே போனான்? அங்கேதான் போயிருப்பான். அவள் போட்டுவிட்டிருப்பாள், நடுங்காத அந்த விரலால், அழகாக, நேர்க்கோடாக.

இதற்குள் குழம்பு ஆகியிருந்தது. இரண்டாம் தேங்காய்ப்பாலில் விழுதைக் கரைத்து, இறாலைப் போட்டு, கடைசியாகத் தலைப்பாலை ஊற்றி, விளிம்பில் நுரை கட்டியதும், திரிந்துவிடாமல், சட்டென்று இறக்கினாள், வாழ்நாளெல்லாம் அப்படித்தானே, கெட்டியான முதற்பாலைக் கொதிக்க விடுகிறவள் சமைக்கத் தெரியாதவள். கரண்டியில் எடுத்துச் சுவைத்தாள். சொதி. அப்பட்டமான சொதி, புல்வாசம் அடிக்கும் சொதி, கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் ஊற்றலாம். உப்பைச் சேர்த்தாள், கருப்பட்டியைச் சேர்த்தாள், சொதி இன்னும் நல்ல சொதியாயிற்று. விழுது இன்னும் பாதி இருக்கிறது, இறால் கொஞ்சம் இருக்கிறது, தேங்காயும் ஒன்று இருக்கிறது. பங்குத்தந்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனவன் திரும்பும் நேரம். கைபேசி அலமாரியில் கிடந்தது, மெட்டில்டா அதைப் பார்த்தாள், அலமாரிக்குமேல் குகைபோன்ற சிறு கெபியில் நின்ற மாதாவைப் பார்த்தாள், மாதா தன் பாட்டுக்குக் கைகூப்பி நின்றாள்.

“சொல்லுங்கக்கா, கொழம்பு கூடிட்டா?” எடுத்ததும் ரீனா கேட்டாள்.

“ஒனக்கு யாருளா சொன்னா?”

“டீச்சர் கொசுப்புல்லு வாங்கிட்டுப் போறாகன்னு அண்ணாச்சி கடையில ஒரே சிரிப்பாணி. என்கிட்ட கேட்டா வேரோட புடுங்கித் தந்துருப்பேம்லா?”

“சொதி மாதிரி இருக்கு.” சொல்லும்போதே காது சுட்டது.

“தலைப்பால எப்ப ஊத்துனிய?”

“எப்பவும் போலத்தான். கடைசியில.”

“ஐயோ அக்கா, அங்கனதான் தப்பு. இதுக்கு அதுதான் மொதல்ல. ஊத்திக் கொதிக்க விடுங்க, நல்லாத் திரியட்டும்.”

“திரியவா?”

“திரிஞ்சு எண்ணெயா பிரியணும், அந்த எண்ணெயிலதான் விழுத வதக்கணும். மொத தடவ எனக்கும் மனசு கேக்கல, சட்டிய எறக்கப் போனேன். அவுக என் கையப் பிடிச்சுக்கிட்டாக, எறக்க விடவே இல்ல.” சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அக்கா… ரெக்ஸன் நேத்து இங்கன வந்தான். நெத்தியில சிலுவை போடுங்க சித்தின்னான்.”

மெட்டில்டாவின் நெஞ்சுக்குழி நண்டு கால்களை இறுக்கிக்கொண்டது.

“நான் போடல.”

“ஏன்?”

“நான் கடைசியாச் சிலுவை போட்டது அவுக நெத்தியில. அதுக்கப்புறம் இந்த விரல… எனக்குப் பயமா இருக்குக்கா. பிள்ளைகிட்ட சொல்லிராதிய.”

ரீனா வைத்துவிட்டாள். மெட்டில்டா தேங்காயை உடைத்தாள், துருவினாள், பிழிந்தாள், கை தானாக வேலை செய்தது, மனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. முதலில் வந்தது என்ன? பரிவா? இல்லை, மாதாவே, பொய் சொல்லக் கூடாது, முதலில் வந்தது ஒரு குதூகலம், அவளுக்கும் பயம் இருக்கிறது என்ற கேடுகெட்ட குதூகலம். அது வந்த வேகத்தில் வடிந்தும் விட்டது. வடிந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவளிடம் இல்லாத சங்கிலிக்கா இத்தனை ஆண்டு கண் உறுத்தியது? அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல்… பயம் தொண்டையில் இருக்கும்போதேவா பாடினாள்? அப்படியும் பாடலாமா? தலைப்பாலைச் சட்டியில் ஊற்றித் தீயைக் கூட்டினாள். வெள்ளை விளிம்பு நடுங்கியது, நுரைத்தது, குமிழி வெடித்தது, இறக்கு, இறக்கு என்று மணிக்கட்டு துடித்தது, வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொள்ள வேறு கை அங்கே இல்லை. பால் உடைந்தது. திரிதிரியாகப் பிரிந்து கெட்டுப்போனது போலவே இருந்தது, கெட்டேவிட்டது என்று தோன்றியது, பிறகு திரிகளுக்கு நடுவே கண்ணாடிபோல எண்ணெய் தெளிந்தது. விழுதைப் போட்டாள். சட்டி சீறியது. இதுவரை இந்த வீட்டு அடுப்பில் எழாத மணம், இல்லை, எழுந்திருக்கிறது, கஸ்பார் நின்ற நாட்களில்.

முத்துக்குளித்த நாட்களில் மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன் பிடித்துக்கொள்வானாம், தன் தங்கையின் தாலிக்காகவாவது கையை விடமாட்டான் என்று. ஆனால் கயிற்றை இளக்கிக் கொடுக்காதவனையும் தோணியில் ஏற்றியிருக்க மாட்டார்களே. நீ ஒரு முழமாவது இளக்கினாயா, மெட்டில்டா? புயலில் படகின் பின்புறம் தலையணை வைத்து உறங்கிய ஆண்டவரை அலறி எழுப்பினார்கள் சீடர்கள், அற்ப விசுவாசிகள் என்று கடிந்துகொண்டார், கடிந்துகொண்டவர் அவர்களை இறக்கிவிட்டாரா? பயந்தவர்களையும் சேர்த்துத்தானே அக்கரை கொண்டுபோனார். இவள் இந்த ஒரு வாரமாக உருட்டிய மணிகள் எதற்கு? பிள்ளையைக் காப்பாற்றும் என்று உதடு சொன்னது. உள்ளே கேட்டது வேறு. எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அது இப்போது கேட்டது, தெளிவாக, தன் குரலிலேயே… அவனும் பயந்துபோகட்டும், ஆண்டவரே, என்னைப்போலவே பயந்து வீட்டில் இருக்கட்டும். மகனுக்காக ஒரு தாய் கேட்கக்கூடிய செபமா அது?

இறால் சுருண்டது, இரண்டாம் பால் பச்சையாகத் தளதளத்தது, திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போட்டு இறக்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். “சித்தி! எப்ப வந்திய? வாசன தெருமுக்கு வரைக்கும் வருது!” என்று கத்திக்கொண்டே ரெக்ஸன் குசினிக்குள் நுழைந்தான், அடுப்பருகே தனியாக நின்ற தாயைப் பார்த்தான், சித்தியைத் தேடிக் கதவுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்தான்.

“நாந்தாம்ல வச்சேன்.”

“நீங்களா?” கரண்டியைப் பறித்து, ஊதி, வாயில் விட்டு, கண்ணை மூடினான். “ஏம்மா… அப்படியே சித்தி வைக்கிற மாதிரியே இருக்கும்மா.”

குத்தியது. குத்தத்தான் செய்தது, நண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் குத்திய இடம் வலிக்கிறதா இனிக்கிறதா என்று இவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு வாய்க்காக அவன் சட்டிமேல் குனிந்தான். நெற்றி அவள் தோளுயரத்தில், ஆவியில் வியர்த்து, மிக அருகில். கட்டைவிரலில் பச்சை விழுது அப்பியிருந்தது, நகக்கண்ணில் மிளகாய் எரிந்தது. கை கழுவ வேண்டுமே என்று நினைத்தாள், சிலுவை போடுவது சாப்பாடு முடிந்த பிறகுதானே வழக்கம் என்றும் நினைத்தாள், ஒருவேளை இந்தக் கைக்கு நடுக்கம் நிற்கப்போவதே இல்லையோ என்றும்… குழாய் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரல் அதற்குள் உயர்ந்திருந்தது, நடுங்கிக்கொண்டு.