கருத்தக்கண்ணனுக்கு மொட்டை

கருத்தக்கண்ணன் சித்தப்பாவின் கல்யாணப் பேச்சுக்காகப் பெண் வீட்டார் சின்னமனூரிலிருந்து வந்த அன்று, எங்கள் தாத்தா அம்மாவாசி ஒரு காரியம் செய்தார். மாப்பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த பட்டு உருமாலை எடுத்து வீட்டு நாயின் தலையில் கட்டி, ஜமுக்காளத்தின் கடைசியில் உட்கார வைத்துவிட்டார். பெண் வீட்டில் கண் மங்கிய பெரியவர் ஒருவர் வரிசையாக வெற்றிலை கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் நாயிடம் வந்ததும் தாத்தா பணிவாக, "எங்க பெரியவுக, கொஞ்சம் கோவக்காரவுக, பாத்துக் குடுங்க" என்றார். பெரியவர் நாயைக் கும்பிட்டு வெற்றிலையை நீட்டினார். அது கோம்பை நாய். அவர் கையை விட்டு வைத்ததே பெரிய காரியம்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் தாத்தாவின் தம்பி மகனான சித்தப்பா அதன் பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கும் அவர்களுக்குள் ஓயாத தகராறு. சித்தப்பா நடு வகிடு எடுத்து, எண்ணெய் பளபளக்கத் தலை சீவிக்கொண்டு வயலுக்கு வருவார். தாத்தா மடை வாயில் நின்றுகொண்டு, "தண்ணி வேணாம்டா, உந்தலையப் பிழிஞ்சாலே ஒரு குழி நெலம் பாயும்" என்பார். பிறகு யார் சமாதானம் செய்ய முடியும்?

எல்லோரிடமும் இப்படித்தான். என் அம்மா சந்தனம்மாளிடம் மட்டும் அவருடைய விளையாட்டெல்லாம் அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே இருக்கும். அம்மா அவருக்கு மருமகள் மட்டுமல்ல, அக்கா மகளும்கூட. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அவரே வளர்த்து, தன் ஒரே மகன் வீரபாண்டிக்குக் கட்டி வைத்தார். நானும் தம்பி சீனிச்சாமியும் பிறந்த பிறகு, அப்பா மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார். சண்டை வந்து ஜப்பான்காரன் புகுந்ததும் அவரைப் பற்றிய சேதியே நின்றுபோனது.

அதிலிருந்து அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுகூடத் தாத்தாதான். மாமனார் குடம் தூக்கி வருவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். "எம்மருமக மருதாணி வச்சிருக்கா, உங்களுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு இடுப்பை ஒடித்து ஒடித்து நடப்பார். சின்னமனூர்ச் சந்தைக்குப் போய் வரும் போதெல்லாம் அப்பாவைப் பற்றி ஒரு கதை கட்டிக்கொண்டு வருவார். அங்கே ஒரு சீனாக்காரனுக்குச் சோளக்கஞ்சி காய்ச்சக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பார். பொய் என்று தெரிந்தும் நாங்கள் காத்திருந்து கேட்போம்.

சண்டை முடிந்த மறு வருஷம் நானும் அவரோடு சந்தைக்குப் போயிருந்தேன். மலாயாவில் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் இருந்த உத்தமபாளையத்து ஒச்சாண்டி, எலும்பும் தோலுமாக எங்கள் வண்டியருகே எதிர்ப்பட்டார். தாத்தா கையைப் பிடித்து மகனைப் பற்றிக் கேட்க, அவர் மழுப்பிப் பார்த்தும் முடியவில்லை. சயாமில் ரயில் பாதை போட இருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும், காய்ச்சலில் அப்பா அங்கேயே இறந்துவிட்டார் என்றும், தானே குழி தோண்டிப் புதைத்ததாகவும் சொன்னார்.

தாத்தா வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ரொம்பச் சிரமப்பட்டானா?"

"இல்ல மாமா. ஒரே ராத்திரிதான்."

ஒச்சாண்டி கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. தாத்தா வெகுநேரம் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"ஆத்தா இருளாயி, உங்கம்மாவுக்கு இது தெரிய வேணாம். அவளுக்குத் தாலி எடுத்துக் கட்டினவுடனே என் காலுலதான் விழுந்தா. அதை அறுக்குறத நான் இருந்து பாக்க மாட்டேன். நான் போன பெறகு என்னமும் ஆகட்டும்."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். சேதி வெளியே வந்தால் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அம்மாவின் தாலியை அறுப்பார்கள். வெள்ளைச் சேலை கொடுப்பார்கள். நாளைக்கு என் கல்யாணத்தில்கூட அவள் முன்னால் வந்து நிற்க முடியாது. நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். ஒச்சாண்டியிடமும் தாத்தா சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் என்னமோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் தாத்தா வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "சந்தனம், உம்புருசன் சயாமுல ஆனை மேய்க்கிறானாம். ஆனை அவஞ் சொல்லக் கேக்க மாட்டேங்குதாம், உன்ன மாதிரியே." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்தக் கிழவனுக்கு எப்படி நாக்கு வருகிறது என்று மாட்டுத் தொழுவத்துக்குப் போய் அழுதேன். அதன் பிறகும் ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு கதை வந்தது. அம்மாவும் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்.

அடுத்த ஐப்பசி மழையில் தாத்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவர் தேற மாட்டார் என்று தெரிந்ததும், சொந்தக்காரர்கள் கொள்ளி வைப்பது யார் என்று பேச ஆரம்பித்தார்கள். எங்களில் மகன்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைக்க வேண்டும். மகன் இல்லாவிட்டால் பேரன். ஆனால் அப்பன் உயிரோடு இருக்கிற பையன் தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தால், அது அந்த அப்பனுக்கே ஆகாது. ஊரைப் பொறுத்தவரை என் அப்பா மலாயாவில் உயிரோடு இருந்தார். தாத்தா என் தம்பியைக் கைகாட்டினால் அவருக்கு அவன் கொள்ளி கிடைக்கும், ஆனால் அப்பா இல்லை என்பது வெளிப்பட்டு அம்மாவின் தாலி போகும்.

பெரியவர்கள் தாத்தாவிடமே கேட்டார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்.

"கருத்தக்கண்ணன் வைக்கட்டும். அந்தப் பயலுக்கு மொட்டை அடிச்சுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

வீடே சிரித்தது. சேதி கேட்டு வந்து வாசலில் நின்ற சித்தப்பா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. தூக்கி வளர்த்த பேரன் பக்கத்தில் இருக்க, அவர் ஏன் சண்டைக்காரனிடம் கொள்ளியைக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் தாத்தா இறந்துபோனார்.

மேளம் வந்தது. பச்சைப் பந்தல் போட்டார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு கூப்பிட, சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தார். தாத்தாவின் தலைமாட்டில் இருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"கொழுந்தனாரே, எந்திரிங்க. எம்மகன் உக்காருவான்."

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பெரிய வீட்டு மூக்கம்மாள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "கிறுக்குப் பிடிச்சிருச்சாடி? அப்பன் இருக்கையில பய கொள்ளி வைக்கவா?"

"அவுக இல்ல, அத்தே" என்றாள் அம்மா. "ஒச்சாண்டி அண்ணன் ஊருக்கு வந்ததும் மொதல்ல எங்கிட்டதான் வந்து சொன்னாக. நாந்தான் மாமாவுக்குத் தெரிய வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ஒத்தப் பிள்ளை. தெரிஞ்சா அன்னைக்கே போயிருப்பாக. இனி யாருக்காக மறைக்கணும்? அவுக பேரன் இருக்க, அவுகள அடுத்தவுக கொள்ளியில அனுப்ப மாட்டேன்."

சொல்லிக்கொண்டே தலையிலிருந்த பூவை எடுத்துக் கீழே போட்டாள். யாரும் அவளைத் தொடவில்லை. சித்தப்பா மணையை விட்டு எழுந்து, தம்பியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "தாத்தாவுக்கும் தெரியும்மா. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சித்தப்பாவ வைக்கச் சொன்னாக."

அம்மா என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, ஒரு நாளாச்சும் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அழுதிருக்கலாமே" என்றாள்.

அன்றைக்குத்தான் அம்மா அப்பாவுக்காகவும் அழுதாள்.