விட்டுப்போன பக்கம்

“வண்டி வாசல்ல நிக்குதுடி. அந்தப் புஸ்தகத்தை மூடிட்டு ஒதுங்கு, அப்பாவைத் தூக்கணும்” என்றாள் அத்தை. தம்பியைப் பறிகொடுத்து அழுது அழுது அவள் தொண்டை கட்டியிருந்தது.

தையற்காரி மூடவில்லை. கட்டிலில் கிடந்த அப்பாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். காலையில் அவள் தாவிய இடம் அகப்பட்டால்தானே!

அப்பா பேருந்து ஓட்டியவர். இடுப்புக்குக் கீழே உணர்வு போனபிறகு இந்த அறையே கதியென்று கிடக்கிறாரே என வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவருக்கோ கால் ஓரிடத்தில் தரிக்காது. மகள் பைபிள் வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நடப்பார். அடிமைகள் தப்பிப்போகக் கடல் பிளந்து, தண்ணீர் இருபுறமும் சுவராக நின்று வழிவிடும் பகுதி என்றால் கொள்ளை ஆசை.

“இது என்னைக்கோ நடந்த கதை இல்லம்மா. நான் வெளிய போற வழி. மெதுவா வாசி.”

“படுத்துக்கிட்டே ஊர் சுத்துற ஆள் நீங்க ஒருத்தர்தான்ப்பா” என்று சிரிப்பாள். அவளுக்கு அதில் எழுத்துதான் தெரியும், கடல் தெரிந்ததில்லை.

இன்று காலை பள்ளிச் சீருடைத் துணி வெட்டியபடியே கிடந்தது. கடைக்காரர் ஃபோனில் காய்ச்சி எடுத்துவிட்டார். கடல் பிளந்தது வரை ஒழுங்காக வாசித்தவள், ஒரு பக்கத்தை அப்படியே விழுங்கிவிட்டு, தண்ணீர் திரும்பி மூடிக்கொண்ட இடத்துக்குத் தாவினாள்.

அப்பா திடுக்கிட்டுக் கண் திறந்தார். “என்னம்மா, நான் இன்னும் நடுவுலதானே நிக்கிறேன்?”

“சாயங்காலம் கரையேத்துறேன்ப்பா” என்று மெஷினுக்கு ஓடினாள். ஒரு சட்டைக்குக் காலர் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மூச்சு அடங்கியிருந்தது.

பாவி, தண்ணீருக்குள் விட்டுவிட்டேனே என்று அப்போதிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது.

“ஒரே ஒரு பக்கம் அத்தை.”

“இருக்கும்போது வாசிக்க நேரமில்ல. இப்ப யாருக்குடி?”

சுருக்கென்றது. மறுபடி புரட்டினாள். பக்கம் கிடைத்தது. எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, அவர் கேட்ட நிதானத்தில் வாசித்தாள். வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, போய் எஞ்சினை அணைத்தார். வாசிக்க வாசிக்க அவள் குரல் தணிந்தது. சுவரை அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

“என்னடி இது, சேலையை இப்படித் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?”

குனிந்து பார்த்தாள். சேலை அவள் பிடியில் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அவள் விடவில்லை.

“கீழ ஒரே சேறு அத்தை” என்றாள்.