சொட்டு ஒயின் இல்லாத திறப்பு விழா

கார்டெல் மேஹ்யூ தன் படங்களைச் சுற்றியிருந்த போர்வையை அவிழ்த்தபோது நான் ஏணிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சுத்தியல் அவன் தலையில் இறங்காமல் போனது அவன் முன்னோர் செய்த புண்ணியம்.

டோர் தெருவில் பழைய மரச்சாமான் கடை ஒன்று சும்மா கிடந்தது. டோலிடோ நகரத்துக் கறுப்பின ஓவியர்கள் சிலர் சேர்ந்து அதைக் கூட்டிக் கழுவி, கண்காட்சி வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். தலைப்பு, 'அவரவர் வந்த வழி'. தன் சொந்தப் பயணத்தைத்தான் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் விதி. நான் துணியில் வேலை செய்கிறவள். பழைய ஆலைச் சீருடைகளை வெட்டி ஒட்டுப்போர்வை ஒன்று தைத்திருந்தேன். கார்டெலுக்கு எண்ணெய் வண்ணம். பெரிய கை என்று ஊரில் பேர். சில காலம் என் புருஷனாகவும் இருந்தான்.

ஐந்து படங்கள். முதலாவதில் பருத்திக்காட்டில் ஓடும் ஒரு பெண். இரண்டாவதில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் சவப்பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்திருக்கிறார். மூன்றாவதில் பிண வண்டியைத் துப்பாக்கிக்காரர்கள் மறித்திருக்கிறார்கள். நான்காவது பெட்டிக்கு உள்ளே. இருட்டில் அந்தப் பெண்ணின் கண்களும், தலைமயிரில் வழியும் கரும்புப்பாகும் மட்டும் தெரிகின்றன. ஐந்தாவதில் விடியற்காலை ரயில் நிலையம். கீழே பளிச்சென்று எழுதி ஒட்டியிருந்தான்: 'என் தாயின் பயணம்'.

அது அவன் தாய் இல்லை. என் தாய் ஓசெல்லா.

மிசிசிப்பியில் அவளுக்குப் பதினேழு வயது. நிலக்காரன் மகன் கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்தான். அவள் மண்வெட்டிக் காம்பால் அவன் வாயில் போட்டாள். பொழுது சாய்வதற்குள் அவளைத் தூக்கில் தொங்கவிட ஆள் திரட்டிவிட்டார்கள். நம் ஜனத்தின் அடக்கவேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அவளைக் காலிச் சவப்பெட்டியில் படுக்க வைத்து, தன் வண்டியில் ஏற்றி, மெம்பிஸ் வரை கொண்டுபோய் ரயிலேற்றினார். வழியில் மறித்தவர்கள் பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்களாம். அவளைத் தேடிப் புறப்பட்ட கூட்டமே அதுதான். பையில் வைத்திருந்த பாகு ரொட்டி நசுங்கித் தலைமயிரெல்லாம் வழிந்தது. கையைத் தூக்கித் துடைக்க இடமில்லை. அவள் சாகும்வரை எங்கள் வீட்டுக்குள் பாகு வந்ததில்லை.

இந்தக் கதையை எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் அம்மா சொல்வாள். "இது நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்" என்று முடிப்பாள். பிணமாகக் கிடந்த தன்னை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். அதனால்தான் எது எதையோ தைத்த நான் இதை மட்டும் தைக்கவில்லை. கார்டெல் மருமகன் என்கிற உரிமையில் கேட்டான். கேட்கும்போதே பீச் பழ இனிப்பை இரண்டு தட்டு காலி செய்தான்.

ஏணியை விட்டு இறங்கினேன்.

"இது யாரோட அம்மா?"

"வெர்லீன், ஆரம்பிக்காத. இது நம்ம ஜனங்க எல்லாரோட கதை. கதைக்கு யாரும் பட்டா வாங்கி வைக்கல."

"கீழ 'என் தாய்'னு எழுதியிருக்கே. உன் தாயா?"

"உங்கம்மா எனக்கும் அம்மா மாதிரிதானே."

"அம்மா மாதிரின்னா அடக்கத்துக்கு வந்திருப்ப."

தூரிகை பிடிக்கிற விரலால் தாடியைத் தடவிக்கொண்டான். அந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பொய்யை அடுக்குகிறான் என்று அர்த்தம்.

"மியூசியத்துல இருந்து ஆள் வராங்க" என்றான் மெதுவாக. "ஒண்ணே ஒண்ண எடுத்து நிரந்தரமா மாட்டப் போறாங்க. அது இதுதான்னு உனக்கும் தெரியும். உங்கம்மா கதை அங்க தொங்கினா உனக்குப் பெருமைதானே."

"உங்கம்மா பேர்ல தொங்கினா எனக்கென்னய்யா பெருமை? சரி, எல்வீரா அம்மா வந்து பாத்தா என்ன சொல்லுவ?"

கார்டெல் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். "எங்கம்மாவா? ஒயின் வாசனை அடிக்கிற வாசலைக் கூட மிதிக்க மாட்டாங்க. நம்ம கல்யாணத்துக்கே, விருந்துல ஒயின்னு கேட்டதும் சர்ச்சோட திரும்பிப் போனவங்க, மறந்துட்டியா? திறப்பு விழான்னா ஒயின் இல்லாம இருக்குமா? இத்தன வருஷத்துல என் கண்காட்சி ஒண்ணுக்கு அவங்க வந்ததில்ல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கார்டெல் கெட்டது அந்தச் சிரிப்பில்தான்.

அம்மா காத்த ரகசியம் போய்விட்டது. அதை இனி நாலு சுவருக்குள் திருப்பி அடைக்க முடியாது. ஆனால் நாளைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து, மேஹ்யூ வீட்டு அம்மாள் இப்படித் தப்பினாள் என்று வாசித்துவிட்டுப் போவதை நான் உயிரோடு இருந்து பார்க்க மாட்டேன். ஓசெல்லா என்கிற பெயர் அவன் வாயிலிருந்து வர வேண்டும். ஊர் கேட்க வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் தலைகுனிவதைப் பார்க்கவும் ஆசைப்பட்டேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

கண்காட்சியை நடத்துகிறவள் ஷனீஸ் போலார்ட். சின்னவள், சூட்டிகையானவள், எப்போதும் கூட்டம் வருமா என்ற கவலை. மறுநாள் அவளைப் பிடித்தேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒயின் வச்சா யார் வருவா ஷனீஸ்? காலேஜ் வாத்தியாருங்க நாலு பேர் வந்து கிளாஸைச் சுத்திச் சுத்திப் பாப்பாங்க. மாசத்து முதல் ஞாயிறு மத்தியானம் வை. ஆராதனை முடிஞ்சு சனம் பசியோட வெளிய வரும். பொரிச்ச கோழி, மக்ரோனி, இஞ்சி சோடா. டோர் தெருவே உள்ள நிக்கும்."

"சாப்பாட்டை யார் பாக்கறது வெர்லீனக்கா?"

"நான் பாக்கறேன்."

"உருளைக்கிழங்கு சாலட்?"

"அதையும் நானேதான் செய்யறேன். வேற யார் கையால செஞ்சாலும் நம்ம சனம் தொடுமா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாள் மாறியதை எல்லோருக்கும் சொன்னாள். ஒயின் இல்லை என்பதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றதும் கார்டெல் ஒன்றும் கேட்கவில்லை. மியூசியத்து அம்மாள் வருகிறாளா என்று மட்டும் கேட்டானாம்.

அடுத்த ஞாயிறு மவுண்ட் நீபோ சபைக்குப் போனேன். சபையே எழுந்து நின்று மதிக்கும் வயதான பெண்களைத் 'தாய்மார்' என்போம்; எல்வீரா மேஹ்யூ அவர்களில் மூத்தவள். எண்பத்தெட்டு வயதிலும் நிமிர்ந்துதான் உட்காருவாள். பாஸ்டரே அவள் முகத்தைப் பார்த்துத்தான் பிரசங்கத்தை முடிப்பார். என்னைப் பார்த்ததும் கையுறை போட்ட கையை நீட்டினாள்.

"மருமகளே. விட்டுட்டுப் போனது அவன்தான், நீ இல்ல. அதனால அப்படித்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்கம்மா. கார்டெல் படம் வச்சிருக்கான். நீங்களும் தாய்மார் எல்லாரும் வரணும். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிஞ்சதும்."

"அங்க குடி இருக்குமே."

"சொட்டு கிடையாது. சாப்பாடு என் கையால. பானத்துல இஞ்சி சோடாவும் எலுமிச்சை ஐஸ்கிரீமும்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அவன் என்னைக் கூப்பிட்டதே இல்ல" என்றாள். "நான் வரமாட்டேன்னு அவனுக்குச் சௌகரியம். என்ன படம் வச்சிருக்கான்?"

"அம்மாவைப் பத்தி."

அந்த முகம் எப்படி மாறியது என்று சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவள். பூரித்துப் போனாள். பக்கத்திலிருந்தவளின் தொடையைத் தட்டி, "கேட்டியா, என் பிள்ளை என்னை வரைஞ்சிருக்கான்" என்றாள். நான் திருத்தவில்லை. குட்பை சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திறப்பு விழாவில் நிற்க இடமில்லை. மேஜையில் ஒயினைத் தேடிய கார்டெலின் கண் இஞ்சி சோடாவில் போய் நின்றது, ஆனால் அவனுக்கு அப்போது அதை யோசிக்க நேரமில்லை. மியூசியத்து அம்மாள் அவன் படங்களின் முன் கைகட்டி நின்றிருந்தாள். ஷனீஸ் ஒலிபெருக்கியை அவனிடம் கொடுத்தாள். அவன் பேசத் தொடங்கினான். பேசத் தெரிந்தவன், அதில் குறை சொல்ல முடியாது.

"என் அம்மாவுக்கு அப்ப பதினேழு வயசு" என்றான். மண்வெட்டிக் காம்பு வந்தது. பெரியவர் வந்தார். பெட்டி வந்தது. சனம் மூச்சைப் பிடித்துக் கேட்டது. ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை என்றைக்கு நேரத்துக்கு முடிந்திருக்கிறது? தலை முதல் கால் வரை திருவிருந்து வெள்ளை உடுத்து, வெள்ளைத் தொப்பி வைத்து, சபைத் தாய்மார் வரிசையாக உள்ளே வந்தார்கள். நம் ஜனத்தில் அந்த வெள்ளையைக் கண்டால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். முன்வரிசை தானாகவே காலியானது. எல்வீரா நடுநாற்காலியில் அமர்ந்து, கைத்தடியை முழங்காலுக்கிடையே ஊன்றி, மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

கார்டெலின் வாய் திறந்தபடி நின்றது.

"சொல்லு மகனே" என்றாள் ஒரு தாய். சபையில் அது பழக்கம். யார் பேசினாலும் குரல் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள்.

"ஆமென், சொல்லு" என்றாள் இன்னொருத்தி.

"அந்த... அந்தப் பொண்ணு பெட்டிக்குள்ள..." என்றான். 'என் அம்மா' காணாமல் போய், யாரோ ஒரு பெண் ஆகிவிட்டாள். மியூசியத்து அம்மாள் தலையைச் சாய்த்தாள்.

நான் உணவு மேஜைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். "கார்டெல், எந்தப் பொண்ணு? இவ்வளவு நேரம் யாரோட அம்மான்னோ சொன்னியே. இப்ப வந்தவங்களுக்குக் கேக்கல பாரு, இன்னொரு தடவ சொல்லு."

அவன் என்னைப் பார்த்த பார்வையை ஒரு புட்டியில் அடைத்துவைத்து வயதான காலத்தில் ஒரு மிடறு குடிக்கலாம். அவ்வளவு தித்திப்பு.

எல்வீரா தடியை ஊன்றி எழுந்தாள். படங்களின் அருகே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீழே ஒட்டியிருந்ததை வாசித்தாள்.

"இது நானா?" என்றாள்.

"அம்மா, வீட்ல பேசிக்கலாம்."

"இங்க மாட்டினதை இங்கதான் பேசணும். நான் பெட்டில வரலப்பா. உங்கப்பன் பக்கத்துல, பஸ்ஸுல, பின் சீட்டுல உக்காந்து வந்தேன். வழியெல்லாம் வாந்தி. வந்த மறுநாளே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல சேந்தேன். கண்டவன் ரத்தக்கறையெல்லாம் கசக்கிக் கசக்கித்தான் உனக்கு வண்ணம் வாங்கிக் குடுத்தேன்." மூச்சு வாங்கியது. "அதுல ஒரு படம் வரையற அளவுக்குக்கூட ஒண்ணும் இல்லையாடா?"

"ம்ம்" என்றார்கள் தாய்மார், அடித்தொண்டையில். யாரையும் தூக்கிவிடுகிற குரல் இல்லை அது.

தாடிப் பக்கம் போன கார்டெலின் கை பாதியில் கீழே விழுந்தது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவனைத் திருடன் என்று காட்டத்தான் கூப்பிட்டு வந்தேன். பெற்றவளைப் போதாதவள் என்று ஒதுக்கியவன் என்று அவளே காட்டிவிட்டாள். என் கத்தியைவிட அவளுடையது நீளம்.

"இது யாரு?" என்றாள், தடியால் நான்காவது படத்தைச் சுட்டி.

"வெர்லீனோட அம்மா."

"பேரு இல்லையா அந்தப் பொம்பளைக்கு?"

"ஓசெல்லா."

"சத்தமா. ஒலிபெருக்கி கையிலதானே இருக்கு."

"ஓசெல்லா டிப்ஸ்" என்றான் கார்டெல். கூடம் முழுக்கக் கேட்டது. தெருவிலும் கேட்டிருக்கும். ஷனீஸ் போய் அந்த எழுத்தட்டையைக் கிழித்தெடுத்தாள். மியூசியத்து அம்மாள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

எனக்கு உள்ளே மேளம் கொட்டியது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு தட்டில் கோழி வைத்து, சாலட் வைத்து, எல்வீராவிடம் நானே கொண்டு போனேன். அவள் வாங்கவில்லை.

"மருமகளே, என் வீட்டுக்கு உனக்கு வழி தெரியாதா?"

"தெரியும்மா."

"அங்க வந்து சொல்லியிருக்கலாமே. இந்தத் தடியாலயே அவன் முதுகைப் பிளந்திருப்பேன்."

"வீட்ல சொல்லியிருந்தா வீட்டோட போயிருக்கும்மா. எங்கம்மா பேரு வெளிய வந்திருக்காது."

அவள் தலையாட்டினாள். கையுறையைக் கழற்றி, திரும்பவும் மாட்டினாள்.

"உங்கம்மா பேரு வந்துடுச்சு. சந்தோஷம். ஒரு வாரமா நான் சபை முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சேன், என் பிள்ளை என்னை வரைஞ்சிருக்கான்னு. இவங்க எல்லாரும் அதைப் பாக்கத்தான் வந்தாங்க." முன்வரிசையில் தாய்மார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அன்னைக்குச் சர்ச்சுல என் முகத்தைப் பாத்தியே. இங்க வந்து நின்னா எனக்கு என்ன ஆகும்னு நினைச்சியா?"

தட்டு என் கையில் கனத்தது. வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

"நினைச்சேம்மா" என்றேன்.

அவள் இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி மகனைக் கூப்பிட்டாள். அவன் அவள் கோட்டைக் கொண்டுவந்து பிடித்தான், அவள் கையை நுழைத்தாள். அவன் தோளைப் பற்றிக்கொண்டு, கூட்டம் விலகி வழிவிட, வாசல்வரை ஒவ்வொரு அடியாக நடந்து போனாள்.