மூடியைத் திறக்காத கை

மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கையேந்தியதில்லை. அதில் பெரியவருக்குத் தலைகொள்ளாத பெருமை. பிள்ளைகள் வாய் திறக்கும் முன்பே வேண்டியது வந்துவிடும். மூன்று வயதுப் பேத்தி குட்டிம்மா தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பினாலே டம்ளர் வந்து நிற்கும். அவள் இன்னும் ஒரு சொல் பேசவில்லை; விரல் நீட்டி எதையும் காட்டியதுமில்லை.

வளர்ச்சியில் தாமதம் என்றார் மருத்துவர். வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்கு மருமகளோடு பெரியவரும் போனார். எதிர்வீட்டுக்காரர் கேட்டால், "பாட்டு கிளாஸ்" என்பார்.

பயிற்சி அறையில் டீச்சர் சோப்புக் குமிழி ஊதினாள். குட்டிம்மா துள்ளினாள். உடனே டீச்சர் புட்டியின் மூடியை இறுக்கி, அவள் முன் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். குழந்தை மூடியைக் கடித்துப் பார்த்தாள், தரையில் தட்டினாள், கடைசியில் புட்டியைத் தாத்தாவின் மடியில் போட்டாள். பெரியவர் கண் மூடித் திறப்பதற்குள் திறந்து கொடுத்துவிட்டார்.

"ஐயா, இது நாலாவது தடவை!"

"முகம் வாடுதே, டீச்சரம்மா."

"கொஞ்சம் வாடட்டும். வேணும்னு அவளே கேக்கணும். கையை நீட்டினாக்கூடப் போதும். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

"எங்க வீட்ல யாரும் கைநீட்டி நின்னதில்ல."

மாமனாரை அதுவரை எதிர்த்துப் பேசாத மருமகள் நிமிர்ந்தாள். "கேக்கத் தெரியலேன்னா நாளைக்கு பள்ளிக்கூடத்துல தாகத்தோட உக்காந்திருப்பா, மாமா. டம்ளரைத் தூக்கிட்டு நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கயிறு ஏதாவது வேணுமா ஐயா?" என்று சிரித்தாள் டீச்சர்.

"நீ ஊதும்மா."

மறுபடி குமிழி, மறுபடி மூடி. புட்டி மடியில் விழுந்தது. ஒன்று, இரண்டு... குட்டிம்மா அவர் முழங்காலைத் தட்டினாள். ஐந்தில் சிணுங்கினாள். எட்டில், யார் முகத்தையும் பார்க்காதவள், அவர் முகத்தைப் பார்த்தாள். பெரியவரின் கை அசையவில்லை.

"பத்தாச்சு ஐயா, திறந்துடுங்க."

"இரும்மா," என்றார். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் பாதியில் எழுந்திருப்பவர் அல்ல அவர். பதினொன்று. பன்னிரண்டு.

சின்ன உள்ளங்கை விரிந்து, அவர் முகத்துக்கு நேரே நீண்டது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் மூடியைத் திறந்த அவசரத்தில் பாதி சோப்புநீர் வேட்டியில் கொட்டியது.

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். "என்ன, பாட்டு கிளாஸ்ல மழையா?"

"பாட்டுமில்ல, கூத்துமில்ல. பேச்சுப் பயிற்சி. இன்னைக்கு என் பேத்தி கைநீட்டிக் கேட்டா!" என்றார் பெரியவர் நெஞ்சை நிமிர்த்தி. கதவருகே போனவர், எடுத்த சாவியைப் பிடித்தபடி குட்டிம்மாவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏன், பூட்டு திறக்கலையா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"திறக்கும். மேடம் இன்னும் கேக்கல."