மேழி பிடிக்காத கை

அய்யாவு வாயைத் திறந்தால் வயல்தான். மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் அவரைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய வயலைத் தெரியாதவர்கள் கிடையாது. பகல் பூராவும் தண்டவாளத்துக்கு அடியில் சல்லி அடித்துவிட்டு வருகிற மனுஷன், தண்டவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டுமே! மூச். குளித்துவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தாரோ இல்லையோ, மன்னார்குடிப் பக்கத்து வயல் ஒன்று வந்து இலையில் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு முதல் ரசிகை அவர் மகள் இராஜம்மாதான். பிறந்ததே குவார்ட்டர்ஸில். கப்பல் எப்படி இருக்கும் என்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் வரப்பு வளையில் கையை விட்டு அப்பா நண்டு பிடித்ததும், நண்டு விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றதும், கதிர் முற்றுகிற சமயத்தில் தகரத்தைத் தட்டிக் கிளி விரட்டியதும், தாத்தாவுக்குக் கஞ்சிக் கலயம் தூக்கிக்கொண்டு போய் வழுக்கி விழுந்து பாதியை மண்ணுக்குக் கொடுத்ததும் அவளுக்கு அத்துப்படி. அவர் மாற்றிச் சொன்னால் திருத்துவாள். "இல்லப்பா, போன தடவை கிளி மேக்கால இருந்து வந்துச்சுன்னீங்க." அவரும் யோசித்து, "ஆமா, மேக்காலதான்," என்று ஒப்புக்கொள்வார். சின்ன வயசில் அவள் தூங்குவதற்குத் தாலாட்டே தேவைப்பட்டதில்லை, ரெண்டு நண்டு போதும்.

இப்படி இருக்கையில் ரப்பர் விலை விழுந்தது. ஈயம் விழுந்தது. எல்லாம் விழுந்தால் ரயிலில் எதை ஏற்றுவது? தண்டவாள வேலைக் கேங்கில் ஆளைக் குறைக்க ஆரம்பித்தார்கள். அய்யாவுக்கும் சீட்டு கிழிந்தது. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணவேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், கப்பல் செலவு சர்க்காருடையது என்று அறிவிப்பு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அய்யாவோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "எனக்கென்ன பயம்? நான் சம்சாரி, வெவசாயி. மண்ணு இருக்குற வரைக்கும் எனக்குச் சோறு இருக்கு." அன்றைக்கே ஓடிப்போய்க் கணக்கு எழுதும் கிராணியிடம் மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி நல்லம்மாளைக் கேட்டாரா? கேட்கவில்லை. அவள் இங்கேயே, காஜாங் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். "என்னை எந்த ஊருக்குய்யா திருப்பி அனுப்புறீங்க? நான் அங்கேயிருந்து வரவேயில்லியே!" என்று அடுப்படியில் சட்டியை உருட்டினாள்.

இராஜம்மாவுக்கு அது கேட்க இனித்த ஊர்தான். ஆனால் குடித்தனம் பண்ணக் கிளம்பு என்றதும் அவளுக்குப் பிரிக்பீல்ட்ஸ் மேல் திடீரென்று உசிராகிவிட்டது. இஞ்சினின் கூச்சல், கரிப்புகை, பாசாரில் மீன் வாங்கும்போது மலாய்க்காரக் கிழவி வையும் வசவு, எல்லாமே வேண்டும்போல இருந்தது. "நான் வரமாட்டேன்," என்றாள். அப்பாவிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

அய்யாவு கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

அந்தச் சமயம் பார்த்துக் கிள்ளானிலிருந்து சபாபதி வந்தார். மாட்டுவண்டிக்காரர், அய்யாவுக்குப் பழைய சிநேகிதர். லோரி வந்தபிறகு வண்டிக்குப் பாரம் கிடைக்கவில்லை. சும்மா நின்று தின்கிற ரெண்டு மாட்டையும் என்ன செய்வது என்று யோசித்து, ஜெஞ்சாரோம் பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், ஒரு மலாய்க்காரரிடம் தாழ்வான நிலம் கொஞ்சம் வாரத்துக்குப் பிடித்திருந்தார். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி இவருக்கு. தச்சனைப் பிடித்துக் கலப்பையும் செய்தாயிற்று. "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஏர் ஓட்டத் தெரியாது. நீதான் பெரிய சம்சாரியாச்சே அய்யாவு, கப்பல் ஏறுறதுக்கு முந்தி ஒரு நாள் வந்து உழுது காட்டிட்டுப் போ."

இதைவிட வேறென்ன வேண்டும்! அய்யாவு மகளைப் பார்த்தார். "நீயும் வா. அப்பன் உழுறதைப் பாரு. பாத்தப்புறமும் ஊருக்கு வரலைன்னா, நான் போய்ப் பேரை வெட்டிட்டு வந்துடுறேன். வரேன்னா மூஞ்சியைத் தூக்காம வரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் இராஜம்மா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் உழுதால் தோற்றுவிடுவோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து சபாபதியின் வண்டியில் ஜெஞ்சாரோம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் தண்ணீர் கட்டிய களிமண். அய்யாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். நுகத்தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடேயப்பா, என்ன பதவிசு! சபாபதி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இராஜம்மாவுக்கும், பயத்துக்கு நடுவே, பெருமையாக இருந்தது.

"ஹை!" என்றார் அய்யாவு. மாடு நகர்ந்தது. கலப்பை மண்ணின் மேலேயே வழுக்கிக்கொண்டு போயிற்று, ஒரு கீறல் விழவில்லை.

"வண்டி மாடு. ஏருக்குப் பழகல," என்றார். மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை கலப்பையின் கொழுமுனை ஒரேயடியாகப் புதைந்து மாடு நின்றுவிட்டது. "தச்சனுக்குக் கலப்பை செய்யத் தெரியல." இழுத்துப் பிடுங்கி மறுபடி ஓட்டினார், உழுத சால் பாம்பு மாதிரி நெளிந்தது. "இது என்னய்யா மண்ணு, ரப்பர் பால் மாதிரி இழுக்குது!" வியர்வை கொட்டியது. கலப்பையின் கைப்பிடியை, மேழியை, ஒரு கையால் பிடிப்பதா, ரெண்டு கையாலா என்றே அவர் தடுமாறுவதை இராஜம்மா வரப்பிலிருந்து பார்த்தாள். கும்பிட்டதெல்லாம் அச்சு அசலாக இருந்தது. அதற்குப் பிறகு செய்யவேண்டியதுதான் அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை.

அப்பா சொன்ன கதைகளை மனசுக்குள் வேகமாகத் தள்ளிப் பார்த்தாள். நண்டு, கிளி, கலயம், வாய்க்கால் மடை, வைக்கோல்போரில் தூங்கியது. எல்லாவற்றிலும் அப்பா இருந்தார். ஒன்றில்கூட ஏருக்குப் பின்னால் இல்லை.

"அப்பா, போதும்ப்பா!" என்று கத்தினாள்.

அவர் கேட்டால்தானே. வீம்பில் மேழியை ஒரு திருப்புத் திருப்பினார். கலப்பை துள்ளி முன்னால் பாய்ந்து, வலத்து மாட்டின் பின்னங்காலில் கொழு இறங்கியது. மாடு அலறிக்கொண்டு நுகத்தோடு மண்டி போட்டது. தண்ணீர் சிவந்தது.

சபாபதி ஓடிவந்தார். ஒரு வார்த்தை வையவில்லை, வைதிருந்தால்கூடத் தேவலை. மாட்டைத் தட்டிக்கொடுத்து எழுப்பி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டினார். "ஆழமில்ல, ஆறிடும்," என்றார். அப்புறம் மெதுவாக, "ஏன் அய்யாவு, நீ முந்தி ஏர் புடிச்சதே இல்லியா?" என்று கேட்டார்.

அய்யாவு சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இராஜம்மா ஜெயித்துவிட்டாள். ஆனால் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. இவ்வளவு பெரிய மனுஷனை இவ்வளவு சின்னதாக அவள் பார்த்ததில்லை.

திரும்பி வரும் ரயில் கிள்ளான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. பிறகு அவர்தான் ஆரம்பித்தார். "நானே எனக்குத் தெரியும்னுதான் நெனச்சிருந்தேன், ராசம்மா. சத்தியமா. கண்ணை மூடினா ஏர் ஓடுறது தெரியுது. ஓட்டுறவர் காலு தெரியுது."

"யாரு ஓட்டுறாங்க?"

"எங்கப்பா. பின்னால அண்ணன்."

"பெரியப்பா எத்தனை வயசுல ஏர் புடிச்சாரு?"

"பத்து வயசுலயே."

"நீங்க கப்பல் ஏறுனப்போ பதினொண்ணுன்னு சொல்வீங்களே. அப்ப உங்களுக்கு மட்டும் ஏன்ப்பா கத்துக் கொடுக்கல?"

அவ்வளவுதான், அவருக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. "என்னைப் புடிக்கலை, அதான்! அவருக்கு அண்ணன்தான் புள்ள. நான் காக்கா வெரட்டுறதுக்கு. ஒரு நாள் ஆசைக்கு மேழியைத் தொட்டேன். கை நீட்டாத மனுஷன், மாடு ஓட்டுற தார்க்குச்சியாலயே அடிச்சாரு, முதுகு பிஞ்சிபோற மாதிரி. அதோட விட்டாரா? பண்ணைக்காரங்க கண்ணுல படாம, விடியறதுக்கு முந்தி எங்க மாமன் கையில புடிச்சுக் குடுத்து, மலாயாவுக்குக் கூட்டிட்டுப் போன்னுட்டாரு. நான் கதறுறேன், திரும்பிக்கூடப் பாக்கல. அண்ணனை வெச்சுக்கிட்டாரு, என்னைத் தூக்கி எறிஞ்சிட்டாரு. அவர் செத்த சேதி வந்தப்போ நான் தலைகூட முழுகலடி. வேலைக்குப் போயிட்டேன்."

இது எந்தச் சாப்பாட்டு நேரத்திலும் அவள் கேட்காத கதை. இராஜம்மா எதையாவது கேட்கவேண்டுமே என்று, "பெரியப்பா இப்ப எங்க இருக்காரு?" என்றாள்.

"எங்க போவான்? பண்ணையிலதான். பண்ணையாள் பண்ணையை விட்டு நகர முடியுமா?"

"நம்ம வயல்னு சொல்வீங்களே?"

"நாங்க பாடுபட்ட வயலு, அதனால நம்ம வயலு. மண்ணு பண்ணையோடது. மூணு தலைமுறையா அங்கதான்."

"அது எப்படிப்பா? வேற எடத்துக்கு வேலைக்குப் போகக் கூடாதா?"

விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, சலிப்போடு சொன்னார். "எங்க பண்ணையில அப்படி ஒரு வழக்கம் ராசம்மா. சித்திரையில மொத ஏர் பூட்டுவாங்க, நல்லேர்னு பேரு. அன்னிக்கு எந்தப் பையன் புதுசா மேழி புடிக்கிறானோ அவனுக்குப் பண்ணை ஒரு துண்டு குடுக்கும். துண்டை வாங்கித் தோள்ல போட்டா அவன் பண்ணையாள். அதுவரைக்கும் அவன் சும்மா சின்னப் பையன், கணக்குல கிடையாது. மேழியைத் தொட்டாச்சுன்னா அப்புறம் அவன், அவன் பொண்டாட்டி, அவன் புள்ள, எல்லாரும்..."

நின்றுவிட்டார்.

பத்து தீகா ஸ்டேஷனில் ரயில் நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அய்யாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்பா," என்றாள் இராஜம்மா தாழ்ந்த குரலில். "அவர் அடிச்சது எந்த மாசம்?"

"பங்குனி," என்றார். "பங்குனி கடைசி. பண்ணையில ஆளு வந்து, சின்னவனும் வளந்துட்டானேன்னு கேட்டுட்டுப் போனான். மறுநாளே..."

 மூன்றாம் வகுப்புப் பெட்டியில், கூடைக்காரிகளுக்கும் சீனக் கிழவர் ஒருவருக்கும் நடுவில், நாற்பது தாண்டிய மனுஷன் ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். "அப்பா... அப்பா..." என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. இராஜம்மா அவர் முதுகில் கை வைத்தாள். அவள் தாத்தா எப்படியிருப்பார் என்று அவளுக்குத் தெரியாது, ஒரு படம்கூடக் கிடையாது. ஆனாலும் அந்த நிமிஷம் அவர்மேல் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்த பிரியத்தைச் சொல்லிமுடியாது. சீனக் கிழவர் எழுந்து அவர்களுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்.

மறுநாள் காலையில் அய்யாவு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடும் கிள்ளான் ஆற்றில் தலை முழுகினார். சொட்டச் சொட்ட வந்து, வாசலைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். நல்லம்மாளிடம் இராஜம்மா ராத்திரியே சொல்லியிருந்தாள்.

பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு கிராணியின் ஆபீசுக்குப் போனார். வரிசை நீளமாக நின்றது. கிராணி தலை நிமிராமலே, "என்ன, கப்பல் தேதியா?" என்றார்.

"இல்லீங்கய்யா. பேரை வெட்டிடுங்க. நாங்க மூணு பேரும் போகல."

கிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயல் இருக்குது, நான் சம்சாரின்னு அன்னைக்குக் குதிச்சுக்கொண்டு வந்தது நீதானே? வேலையும் இல்லாமல், வீடும் இல்லாமல் இங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய்?"

"ஜெஞ்சாரோமில சிநேகிதரோட மாட்டுக் காலுல காயம் பண்ணிட்டேன்யா. அது ஆறுற வரைக்கும் அவரு நெலத்தை மம்பட்டியால கொத்திக் குடுக்கணும். ஆறினப்புறம் ஏர் ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன். துண்டு போட இங்க ஆளில்ல."

கிராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏர் ஓட்டுவதற்கு அங்கேயே போகலாமே. இனாம் கப்பலை விடுகிறாயே, பைத்தியக்காரனா நீ? அங்கேதானே உன் வயல் இருக்கிறது?"

"அங்கதான்யா இருக்கு," என்றார் அய்யாவு. "அது என்னைப் புடிச்சிடக் கூடாதுன்னுதான் எங்கப்பா என்னை அடிச்சு வெரட்டினாரு."