தெளித்த தீர்த்தம் திரும்பி வந்த கதை

“ஆயுத பூஜைக்குத் தெளிச்ச தீர்த்தத்தை ஒரு சொட்டு விடாமத் திரும்பக் கூட்டி வந்து வேலை வாங்கினவன் நானுங்க!”

ஆறுமுகசாமி இப்படி ஆரம்பித்தால் மைசூர் ஹெப்பால் டீக்கடையில் தூங்கும் பூனைகூட எழுந்து போய்விடும். போகட்டும். நடந்தது இதுதான்.

ஊதுபத்திக்கு வாசனை தயாரிக்கும் கம்பெனியில் அவர் கெமிஸ்ட். தொண்ணூற்றாறில் பாஸ்பீன் என்ற வேதிப்பொருள் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். அதன் சொந்தக்காரர்களெல்லாம் எண்ணெயோடு கூடிக்குலாவுகிறவர்கள். இது மட்டும் தண்ணீரில் சர்க்கரையாகக் கரையும். ருத்தேனியம் என்ற உலோகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே குடித்தனம் நடத்தும். லவங்கப்பட்டை எண்ணெயைப் பூவாசனையாக மாற்றிவிட்டு, எண்ணெய்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அதனால் அதே தண்ணீரை மறுபடி மறுபடி வேலைக்கு விடலாம்.

அந்தத் தண்ணீர் இருந்தது ஒரே ஜாடி. தங்க நிறத்தில் மின்னும். “தசரா முடிஞ்சதும் செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா ஆராய்ச்சிக்குப் பூட்டு, நீங்க ஊதுபத்தி மாவு அரைக்கிற பக்கம் போயிருங்க” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜையன்று ஃபிட்டர் ஸ்பானரை வைத்தார், டிரைவர் சாவியை வைத்தார். கெமிஸ்டுக்கு எது ஆயுதம்? ஆறுமுகசாமி ஜாடியைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்து, பொட்டும் இட்டுவிட்டு, பொரி வாங்கப் போனார். திரும்பி வந்தால், துப்புரவு பார்க்கும் பஞ்சவர்ணம் மாவிலையால் ஆனந்தமாகத் தெளித்துக்கொண்டிருந்தாள். கொப்பரை, தராசு, முதலாளி ஸ்கூட்டர், வாட்ச்மேன் தலை.

“ஐயோ அக்கா! அது தீர்த்தமில்ல!”

“சாமி முன்னாடி பொட்டு வச்சு வச்சிருந்தா நான் வேற என்னன்னு நினைப்பேன்?”

வாசனையைத் தரம் பார்க்கும் மகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அவள் மூக்கு ஒப்பாமல் ஒரு ட்ரம் வெளியே போகாது. “போனது போச்சு சார். சும்னே, சும்மா ஏன் மனசைக் கெடுத்துக்கிறீங்க?”

“தண்ணியில கரையறதுதானம்மா? தண்ணி விட்டுக் கூப்பிட்டா வந்துரும்!”

“வரும், வரும். ஜம்பு சவாரி யானை மேலேறி வரும்.”

மறுநாள் ஊரே தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரி பார்க்கப் போனது. இவர் ஸ்கூட்டரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கொப்பரையில் ஒட்டியிருந்த கிரீஸ், எண்ணெய் எல்லாம் அங்கேயே நின்றன; பாஸ்பீன் மட்டும் சமர்த்தாகத் தண்ணீரோடு இறங்கி வந்தது. பஞ்சவர்ணத்தின் முந்தானையைப் பிழிந்தார். வாட்ச்மேன் தலையை மூன்று முறை அலசினார். அந்த மனிதருக்குப் பொடுகே போய்விட்டது. யானை நனைந்திருந்தால் அதன் தும்பிக்கையையும் பிழிந்திருப்பார். பூவிதழையும் பொரியையும் வடிகட்டி, தண்ணீரைச் சுண்டவைத்தார். ஜாடியில் பழைய தங்க நிறம்!

விடுமுறை முடிந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்க, லவங்கப்பட்டை எண்ணெயை விட்டுச் சூடேற்றினார்கள். ஆறியதும் மகேஸ்வரி காகிதத் துண்டை எண்ணெயில் நனைத்து முகர்ந்தாள். கண்ணை மூடி, மறுபடி முகர்ந்தாள்.

“என்னம்மா, பட்டையா?” என்றார் முதலாளி.

“பூ சார். சுத்தமான பூ.”

“அன்னைக்குத் தெளிச்ச அதே தண்ணியா?”

மகேஸ்வரி ஆறுமுகசாமியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“பொரி வாசனை துளி இருக்கு சார். ஆனா… அவர் சொன்னது நடந்துச்சு.”