கண்ணாடிக்குள் கரிசல்

சீயோன்மணி டீச்சருக்கு நிலம் கிடையாது, புலம் கிடையாது. கோவில்பட்டியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை. ரசூல் பீவி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு வேதப்புத்தகம். பிறந்தது தெற்கே தேரிக்காட்டுப் பக்கம். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே வா என்று கூப்பிட ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டால் அவர் பேசுவதற்கு ஆண்டவர் ஒருவர்தான். அவரும் கேட்டுக்கொள்வாரே தவிர, ஏன் இன்னும் சாப்பிடவில்லை என்று திருப்பிக் கேட்பவர் இல்லையே, கண்ணுகளா.

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பருத்தி, கம்பு, மிளகாய் வற்றல், காலைக் கட்டிய சேவல் என்று வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அத்தனையும் ஏலம் போகும். டீச்சருக்கு விளைவது கையில்தான். அதனால் வருசத்துக்கு ஒரு படம் வரைந்து, சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கொண்டுபோய் வைப்பார்.

யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியில் குருவானவரே சிரித்த முகமாக எடுத்துக்கொள்வார். அந்தக் குருவானவர் இந்த வருசம் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வருவதற்காக வீட்டை ஒழிக்கப்போன டீச்சர், சமையல்கட்டுப் பரணில் தம் படங்கள் அத்தனையும் கரி படிந்து கிடப்பதைப் பார்த்தார். அந்தக் குருவானவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டுச் சுவரிலாவது தம் கைவேலை தொங்க வேண்டும் என்ற ஆசை, அன்றைக்குத்தான் பசி மாதிரி வந்தது.

இந்த வருசம் கரிசல் காட்டையே வரைந்தார். காய்ந்த பருத்திமாரைச் செடியோடு பிடுங்கிய பிறகு வெடித்துக் கிடக்கிற வெறுங்காடு. அதன் நடுவே ஒரு வெடிப்பின் ஓரத்தில் மட்டும் சாயங்கால வெளிச்சம் விழுந்து, மண் செம்பு போல மின்னும். அந்த ஒரு கோட்டுக்காகப் பல நாள் ஜெபித்து, பல தாள்களைக் கிழித்தார்.

"ஊரே குடத்தத் தூக்கிட்டு நல்ல தண்ணிக்கு அலையுது, நீங்க அதப் படத்துல ஊத்துதீங்களே டீச்சரம்மா!" என்றாள் ரசூல் பீவி.

"உப்புத் தண்ணியில சாயத்தக் கரைச்சா காஞ்சதும் வெள்ளை பூத்துரும் அக்கா."

"பூக்கட்டுமே. நம்ம காடு பூக்கலியா?"

ஏலத்தன்று உபதேசியார் வேதமுத்து சேவலை விற்றார், பூசணியை விற்றார். பிறகு படத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"டீச்சர் கையால வரைஞ்சது! ஒரு ரூவா! கேளுங்க, கேளுங்க!"

முற்றத்தில் அவரவர் தங்கள் கூடையைக் குனிந்து பார்த்தார்கள். புதிய குருவானவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"சேவலுக்கு அந்தக் கூச்சல் போட்டீயளே, இப்ப நாக்கு எங்க போச்சு?"

"சேவல் கொழம்புக்கு ஆகும் உபதேசியாரே, இது என்னத்துக்கு ஆகும்?" என்றாள் கூட்டத்தில் நின்ற அன்னத்தாய். "கரிசக்காட்டத்தான் நாளும் பொழுதும் மிதிக்கோம். வீட்டுக்குள்ளயும் மாட்டிப் பாக்கணுமாக்கும்!"

சிரிப்பு எழுந்தது. டீச்சரும் கூடச் சிரித்தார். முந்தானைக்குள் விரல்கள் மட்டும் பின்னிக்கொண்டு நின்றன. ஒருத்தர் போதும் ஆண்டவரே, ஒரே ஒருத்தர்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"ரெண்டு ரூவா!"

குரல் பின்னாலிருந்து வந்தது. மொட்டைத் தலையோடு ஒரு மனிதர், சபையார் இல்லை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த பூவனலிங்கம். மேலே கேட்க ஆளில்லாமல் படம் அவர் கைக்குப் போயிற்று. அவர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததைப் பார்த்து டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

"படம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா அண்ணாச்சி?"

பூவனலிங்கம் நெளிந்தார். "கோயில் வாசல்ல வச்சுப் பொய் சொல்லக்கூடாது டீச்சரம்மா. எங்க அய்யா தவறிட்டாவ. நாளைக்குப் பதினாறாம் நாள் விசேசம். அவிய போட்டோவுக்கு மாலை போடணும். சட்டம் போட வந்தா, முத்து முகம்மது கடை, அவரு மக கல்யாணம்னு பூட்டிக் கெடக்கு. வண்டியத் திருப்பயில இங்கன ஏலச் சத்தம் கேட்டுது. கண்ணாடி நல்லா இருந்துது... அதான்."

டீச்சர் படத்தை வாங்கித் திருப்பி, பின்பக்கத்து ஆணிகளைப் பார்த்தார். பிறகு, "அரிவாள் இருக்கா அண்ணாச்சி?" என்றார்.

கோயில் படியில் உட்கார்ந்து, அரிவாள் நுனியால் தாமே ஆணிகளை நெம்பினார். படத்தை வெளியே எடுத்தார். பூவனலிங்கம் துண்டு முடிச்சிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினார். தலைப்பாகை கட்டிய கிழவர். போட்டோ சட்டத்தில் பாதிகூட வரவில்லை. வைத்த இடத்தில் நிற்காமல் சரிந்தது.

"சின்னதாப் போச்சே! இப்ப என்ன செய்ய?"

சுற்றிவரத் தாள் கொடுத்து ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. வேறு கெட்டித் தாள் அங்கே ஏது? டீச்சர் மடியில் கிடந்த படத்தைப் பார்த்தார். வெளிச்சம் விழுந்த அந்த வெடிப்பை ஒருதரம் விரலால் தடவினார். பிறகு, பண்டிகைக்குத் தோரணம் ஒட்டிய பசையில் மிச்சத்தை வழித்து, சரியாக அதன்மேலேயே கிழவரை ஒட்டி அழுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மூடி, ஆணிகளைத் தட்டி இறக்கிக் கொடுத்தார்.

பூவனலிங்கம் வாங்கிப் பார்த்தார். கிழவரைச் சுற்றி நாலு பக்கமும் கரிசல்.

"அய்யா நம்ம புஞ்சைக்குள்ள நிக்காப்புல இருக்கே!" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படத்தைப் படுக்கவைத்தவர், திரும்பி நின்று கேட்டார்: "நடுவுல என்ன வரைஞ்சிருந்தீங்க டீச்சரம்மா? நான் சரியாப் பாக்கலியே."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெறுங்காடுதான்."

வண்டி கிழக்கே போயிற்று. முற்றத்தில் ஆள் ஓய்ந்துவிட்டது. கோணிக்கு வெளியே சிந்திய பருத்தி காற்றில் அங்கங்கே உருண்டது. டீச்சர் விரலில் காய்ந்த பசையை உரித்தபடி அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.